நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் தின்ற எலி

சர்க்கரை ஜாடி மூடியின் விவகாரம் காருக்குள்ளும் கூடவே வந்து ஏறிக்கொண்டது.

"கொஞ்சம் நிதானமா மூடியிருந்தா ஓரம் பெயர்ந்திருக்காது. அவ்வளவுதான் சொல்றேன்," என்றார் மாமியார், சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியபடி.

"அவ்வளவுதானே அத்தை? நாலு நாளா அவ்வளவுதான் சொல்றீங்க." மருமகள் வண்டியைக் கிளப்பினாள். "நான்தான் உடைச்சேன், ஒத்துக்கறேன். போன வருஷம் மாடிக் குழாய் ஒழுகினதுக்கும் நான்தான் காரணம். அதுக்கு முந்தின வருஷம் தெருவுக்குள்ள தண்ணி புகுந்துச்சே, அதையும் என் பேர்லயே எழுதிக்கோங்க."

உண்மையில் மூடியை உடைத்த ஞாபகம் அவளுக்கு இல்லை. ஆனால் அந்த வீட்டில் எது உடைந்தாலும் நான்கு வருடங்களாக ஒரே தீர்ப்பு வந்துகொண்டிருந்ததில், தன் கைகள் மேலேயே அவளுக்கு ஒரு சந்தேகம் விழுந்திருந்தது. புருஷன் கப்பலில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர். சாட்சி சொல்ல மூன்றாவது ஆள் கிடையாது.

மாமியாரை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். பரீட்சைத் தாள் திருத்தும்போது யார் யாரைப் பார்த்து எழுதினான் என்பதை விடையை வைத்து இல்லாமல், தப்பை வைத்தே பிடித்துவிடுவார். சரியான விடை எல்லோருக்கும் பொது, தப்புதான் அவனவன் சொந்தச் சொத்து என்பது அவருடைய கட்சி. ஓய்வு பெற்ற பிறகு, போலீசுக்குப் போக வெட்கப்படுகிறவர்களும் வக்கீலிடம் போகப் பயப்படுகிறவர்களும் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வண்டி ஓட்டுவதும் வாய் ஓட்டுவதும் மருமகளின் இலாகா.

இன்றைக்குப் போன் செய்தது ஒரு அக்கா. தம்பி மொழிபெயர்ப்பாளர். மாலை நான்கு மணிக்குள் அவரைக் காப்பாற்ற வேண்டும். யாரிடமிருந்து என்று கேட்டதற்கு, "அவன்கிட்டேருந்தேதான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்த அக்கா அழுதிருந்தாள், ஆனால் முகத்தில் அழுகையை விடக் கோபமே தூக்கலாக இருந்தது.

"உள்ள வாங்க டீச்சர். தப்பை ஒத்துக்கற கடிதத்தை அஞ்சாவது தடவையா எழுதிக்கிட்டு இருக்கான். நடை சரியா வரலையாம்."

அறை முழுக்க அகராதிகள். நடுவில் ஒரு மேஜை, அதன் பின்னால் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட ஒரு மெலிந்த மனிதர். ஐம்பது வயது இருக்கும். எழுந்து நின்று கைகூப்பினார்.

"சிரமம் கொடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான். இதுல கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லை."

"அதையே நாங்க வந்துதான் கண்டுபிடிக்கணும் சார்," என்றாள் மருமகள், காலியாக இருந்த ஒரே நாற்காலியை மாமியாருக்கு இழுத்துப் போட்டுவிட்டு.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே ஒரு கோழி இனப்பெருக்கப் பண்ணை இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பண்ணைக்காரர்கள் கடல் கடந்து, ஒரு ஸ்பானியக் கிழவர் நாற்பது வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கோழி வம்சங்களை வாங்கி வந்தார்கள். கூடவே கிழவர் கைப்பட எழுதிய ஒரு தடித்த நோட்டும் வந்தது. எந்தக் குடும்பத்துச் சேவலை எந்தக் குடும்பத்துப் பெட்டையோடு சேர்க்க வேண்டும், எதைச் சேர்க்கவே கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது. பண்ணையில் ஸ்பானிஷ் தெரிந்த ஜீவன்கள் அந்தக் கோழிகள் மட்டும்தான். ஆகவே நோட்டை ஆங்கிலத்தில் மாற்றித் தரும் வேலை இவரிடம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் மாற்றிக் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் முத்திரையை வைத்து, ஒப்பந்தப்படி தன்னிடமிருந்த பிரதியைக் கிழித்தும் போட்டுவிட்டார்.

"கிழவர் கோழிக்கு நம்பர் தகடு மாட்ட மாட்டார்," என்று மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். "குஞ்சு பொரிச்ச அன்னிக்கே கால் விரலுக்கு நடுவுல இருக்கற தோல்ல சின்னதா ஒரு ஓட்டை போடுவார். எந்தக் கால்ல ஓட்டைங்கறதை வச்சு அது எந்தக் குடும்பம்னு கண்டுபிடிக்கலாம். ஏழாம் குடும்பம்தான் அவரோட பொக்கிஷம். அதுக்கு வலது கால். நான் இடதுன்னு எழுதிட்டேன்."

"எழுதினதை நீங்க பார்த்தீங்களா?"

"பண்ணையிலேருந்து சங்கத்துக்கு அனுப்பின நகல்ல இருக்கே. நாப்பத்தோராம் பக்கம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி, பண்ணை மேனேஜர் வலது காலில் ஓட்டை இருந்த இருபத்திரண்டு சேவல்களைக் கறிக்கு அனுப்பிவிட்டு, இடது காலில் ஓட்டை இருந்த சாதாரணச் சேவல்களை வைத்துக்கொண்டார். பிறந்த குஞ்சுகள் சோப்ளாங்கியாக இருந்தன. கிழவருக்குப் போன் போட்டுக் கேட்டால், ஏழுக்கு வலது என்று அடித்துச் சொன்னார். ஸ்பானிஷ் நோட்டை எடுத்துப் பார்க்கலாம் என்றால், அந்தத் தாளை எலி தின்றுவிட்டிருந்தது. பண்ணை புகார் கொடுத்தது. இன்று நான்கு மணிக்குச் சங்கத்தில் விசாரணை. முத்திரை போய்விட்டால் அப்புறம் இவர் எழுதுவது எந்த அலுவலகத்திலும் செல்லாது. இருபத்தாறு வருடமாக இவருக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான்.

"ஆனா நீங்க சண்டை போடலையே," என்றார் டீச்சர்.

மொழிபெயர்ப்பாளர் இடது கையை நீட்டினார். அதில் பழைய வாட்ச் ஒன்று இருந்தது. "எனக்குச் சின்ன வயசுலேருந்தே இடது வலது தடுமாறும். வாட்ச் கட்டின கை இடது. அப்படித்தான் ஞாபகம் வச்சுக்குவேன். இது எல்லாருக்கும் தெரியும், நானே எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அந்த வாரம் வாட்ச் ரிப்பேர் கடையில இருந்துச்சு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மருமகள் வாயில் தயாராக இருந்த நக்கலை விழுங்கிக்கொண்டாள். இந்த மனிதரைப் பார்க்கக் கண்ணாடியில் தன்னையே பார்ப்பது போல அவளுக்கு இருந்தது. இவரும் செய்தாரா இல்லையா என்று தெரியாமலே ஒத்துக்கொண்டவர்தான்.

சங்கம் அவருக்கு அனுப்பியிருந்த நகலை டீச்சர் புரட்டினார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வெளியே வந்தது. "நோட்டு முழுக்க இடது வலது எத்தனை இடத்துல வருது?"

"நூத்துப் பன்னெண்டு. மொதல்ல எல்லாத்தையும் கோடு போட்டுக் காலியா விட்டுட்டேன். கடைசியில ஒரு நாள் காலையில அக்கா நோட்டுல அந்த ரெண்டு ஸ்பானிஷ் வார்த்தையை மட்டும் தேடி வாசிக்க வாசிக்க, ஒரே மூச்சுல நிரப்பினேன். நடுநடுவுல செஞ்சா குழம்பிடுவேன்னு பயம்."

"அதுல எத்தனை மாறியிருக்கு?"

"ஒண்ணு."

"வாட்ச் இல்லாத கை நூத்துப் பதினோரு தடவை சரியா எழுதிட்டு, ஒரே ஒரு தடவை, அதுவும் ஏழாம் குடும்பத்துல, அதுவும் சேவலுக்கு மட்டும் பார்த்துத் தப்பா எழுதுச்சா? தடுமாற்றம்னா வரிசையா வரும். இல்லேன்னா அங்கங்க சிதறி வரும். இப்படி ஆள் பார்த்து வராது. தப்புக்கு அவ்வளவு விவரம் பத்தாது."

"வரலாம்," என்றார் அவர், பணிவாகவும் பிடிவாதமாகவும்.

இந்தக் கட்டத்தில் மருமகளுக்குப் போரடித்தது. டீச்சர் பக்கம் பக்கமாகத் திருத்திக்கொண்டிருக்க, அவள் நகலின் பின்னாலிருந்த சொல்லடைவை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். கிழவரின் கோழி வார்த்தைகள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லும், அதற்குக் கீழே பொறுமையாக எழுதிய ஒரு குறிப்பும் இருந்தன.

"அத்தை, உங்களுக்கு ஸ்பானிஷ்ல ஒரு பேர் இருக்கு. க்ளுவேக்கா."

"அப்படின்னா?"

"அடைக்கு உட்கார்ந்த கோழி. யார் கிட்ட வந்தாலும் இறகைச் சிலிர்த்துக்கிட்டுக் கொத்துமாம்."

"அந்த வார்த்தைக்கு ரெண்டு நாள் ஆச்சு," என்றார் மொழிபெயர்ப்பாளர். அன்று முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது. "நம்ம வீட்டுல அடைன்னா எல்லாருக்கும் புரியுது. ஆங்கிலத்துல 'ப்ரூடி'ன்னு சொன்னா, கோழி எதையோ நினைச்சு வருத்தப்படுதுன்னு அர்த்தம் எடுத்துக்கறாங்க. அதனாலதான் குறிப்பு போட்டேன். ஆனா ரொம்பப் படுத்தினது அதுக்கு அடுத்த வார்த்தை."

மருமகள் அடுத்ததைப் படித்தாள். "கியென் சாபே. இது என்ன கோழி?"

"கோழியே இல்லை. யாருக்குத் தெரியும்னு அர்த்தம். கிழவர் தன் குஞ்சுகளுக்குத் தானே வச்ச பேரு. பிறந்த குஞ்சைப் பார்த்தா அது சேவலா பெட்டையான்னு அவருக்குத் தெரியாது. ஆறாவது வாரம் கொண்டை சிவக்கற வரைக்கும் எல்லாமே யாருக்குத் தெரியும்தான். 'இன்னிக்கு முப்பது யாருக்குத் தெரியும் பொரிச்சுது' அப்படின்னு எழுதுவார். அதை எப்படி ஆங்கிலத்துல..."

டீச்சரின் சிவப்புப் பேனா பாதி வழியில் நின்றது.

"மறுபடி சொல்லுங்க. ஓட்டை போடறது எப்போ?"

"பொரிச்ச அன்னிக்கு."

"சேவல், பெட்டை தெரியறது?"

"ஆறாவது வாரம்."

டீச்சர் நாற்பத்தோராம் பக்கத்தை அவர் முன்னால் வைத்து ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டார். "ஏழாம் குடும்பம். பொரித்த அன்றே சேவல் குஞ்சுக்கு இடது காலில் ஓட்டை, பெட்டைக் குஞ்சுக்கு வலது காலில் ஓட்டை. எந்தக் குஞ்சு எதுன்னே தெரியாத மனுஷன், எப்படிங்க கால் மாத்தி ஓட்டை போடுவார்?"

அக்கா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பரீட்சைத் தாள்ல மொதப் பக்கத்துல தெரியாதுன்னு எழுதினவன் நாலாவது பக்கத்துல தெரிஞ்ச மாதிரி எழுதியிருந்தா," என்றார் டீச்சர், "நடுவுல யாரோ உள்ள வந்திருக்காங்கன்னு அர்த்தம். இந்தப் பக்கம் நீங்க எழுதினது இல்லை. நோட்டைப் படிக்காத ஆள் எழுதினது. சொல்லடைவைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை."

மொழிபெயர்ப்பாளர் அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறகு முகம் இன்னும் வெளிறியது. "அப்போ நான் ரெண்டு தப்புப் பண்ணியிருக்கேன்," என்றார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இப்பப் புரியுதா டீச்சர், யார்கிட்டேருந்து காப்பாத்தணும்னு?"

பண்ணைக்கு முக்கால் மணி நேரப் பயணம். மருமகள் அதற்குள் வழக்கை முடித்துவிட்டாள்.

"இருபத்திரண்டு சேவலும் உயிரோடதான் இருக்கு அத்தை. மேனேஜரோட மச்சான் வீட்டுக் கொல்லையில ராஜ உபசாரத்தோட. கறிக்குப் போச்சுன்னு சொல்லிட்டு வம்சத்தையே கடத்திட்டான் ஆளு. பழி போட வசதியா, இடது வலது தெரியாத ஒரு மனுஷன் கிடைச்சார்."

"திருடன்னா பெட்டைகளை ஏன் விட்டுட்டுப் போனான்?"

"வண்டியில இடம் பத்தியிருக்காது."

"பார்க்கலாம்," என்றார் டீச்சர். வகுப்பில் அந்த வார்த்தைக்கு முட்டை மார்க் என்று அர்த்தம்.

பண்ணை வாசலில் டயர்களுக்கு மருந்து அடித்தார்கள். உள்ளே போக ஆளுக்கு ஒரு வெள்ளை அங்கியும் ரப்பர் பூட்ஸும் கொடுத்து, மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைக்கச் சொன்னார்கள். அந்த அங்கியில் டீச்சர் ஆபரேஷனுக்குக் கிளம்பியவர் போல இருந்தார். நீளமான கொட்டகைகள், மின்விசிறிகளின் இரைச்சல், மூக்கைச் சுருக்க வைக்கும் நெடி. முட்டை எடுக்கும் பெண்கள் கூண்டு கூண்டாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஒரு பெட்டையை, தலை முன்பக்கம் பார்க்கும்படி, கைக்குழந்தை போல அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் புதுக் கோழிகள்ல பெட்டைகளைக் குடும்பவாரியா பிரிச்சது யாரும்மா?"

"நாங்கதாம்மா. சேவல் எல்லாம் சார் பிரிச்சார். அதுங்க முரட்டுப் பசங்க, எங்களால முடியாது."

அந்தச் சார்தான் மேனேஜர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா, உதட்டில் அவசரச் சிரிப்பு. மொழிபெயர்ப்பு விஷயமாக வந்திருக்கிறோம் என்றதும் சங்கத்து ஆட்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். இவர்களும் அதைத் திருத்தவில்லை. நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

"பாருங்க, எலி பண்ணின வேலை."

தாள் இருந்த இடத்தில் தையலோடு ஒட்டிய ஒரு கிழிசல் ஓரம் மட்டும் இருந்தது. முன் தாளிலும் பின் தாளிலும் ஒரு பல் கூடப் படவில்லை.

"ரொம்பப் படிச்ச எலி போலிருக்கு," என்றாள் மருமகள். "பக்க எண் பார்த்துச் சாப்பிட்டிருக்கு."

மேனேஜர் சிரிக்கலாமா கூடாதா என்று யோசிப்பது தெரிந்தது.

"உங்க பண்ணையில பொரிக்கற குஞ்சுகளை எப்போ சேவல், பெட்டைன்னு பிரிப்பீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"அன்னிக்கேங்க." மேனேஜர் முகத்தில் தொழில் பெருமை வந்தது. "அதுக்குன்னே பழகின ஆள் வருவார். ஒரு குஞ்சுக்கு மூணு செகண்ட். சேவல் ஒரு டிரே, பெட்டை ஒரு டிரே. முப்பது வருஷமா எங்ககிட்ட ரெண்டும் கலந்து ஒரு மணி நேரம் கூட இருந்தது இல்லை."

"அந்தக் கிழவர்கிட்ட அப்படி ஒரு ஆள் இருந்தாரா?"

மேனேஜரின் கண்கள் நோட்டுக்கும் டீச்சருக்குமாக ஒரு தடவை போய் வந்தன. மருமகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆள் மாட்டிக்கொண்டான், இனி மச்சான் வீட்டு விலாசம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. டீச்சரோ அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "வச்சிருக்கற சேவல்ல ஒண்ணைக் காட்டுங்க. ஓட்டை எப்படி இருக்கும்னு பார்க்கணும்," என்றார்.

மேனேஜர் கூண்டுக்குள் போனார். கைதேர்ந்த ஆள்தான். ஒரு பெரிய சேவலைப் பின்னாலிருந்து அணுகி, இரண்டு காலையும் சேர்த்து ஒரே பிடியில் பிடித்துத் தூக்கினார். அது தலைகீழாக, முதுகை அவருக்குக் காட்டித் தொங்கியது. காலைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். சேவலை நிமிர்த்தி, அந்தப் பெண் செய்தது போல அக்குளில் இடுக்கி, தலையை முன்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இடது கால்," என்றார்.

"ஏன் நிமிர்த்தினீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"சும்மாதான்."

"அதை இவகிட்டக் கொடுங்க. மொதல்ல பிடிச்சீங்களே, அதே மாதிரி."

மருமகள் சமையலறையைத் தாண்டி எந்தக் கோழியோடும் பழகியவள் இல்லை. சேவல் அவள் கையில் தலைகீழாகத் தொங்கியபடி தன் அதிருப்தியைச் சிறகால் தெரிவித்தது. "அத்தை, இதையும் நான்தான் உடைச்சேன்னு சொல்லிடாதீங்க."

"ஓட்டை எந்தக் கால்ல இருக்கு?"

"வலது."

"நிமிர்த்திப் பிடி. உன்னை மாதிரியே முன்னால பார்க்கற மாதிரி. இப்போ?"

மருமகள் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். "இடது," என்றாள். குரலில் இருந்த கேலி காணாமல் போயிருந்தது.

"எப்போலேருந்து நிமிர்த்திப் பார்க்கறீங்க?" என்று டீச்சர் மேனேஜரிடம் கேட்டார். குரல் அதட்டலாக இல்லை. வீட்டுப்பாடம் செய்யாத பையனிடம் ஏன் என்று மட்டும் கேட்கிற குரல் அது.

மேனேஜர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பத்து வயது கூடினவராகத் தெரிந்தார்.

"குஞ்சுகள் சரியில்லாம போனப்போதான் தெரிஞ்சுது. நாங்க எப்பவும் இறக்கையில தகடு மாட்டித்தாங்க பழக்கம். காலைப் பார்த்து வாசிக்கறது எனக்குப் புதுசு. வலதை வச்சுக்கணும்னுதான் அந்த மனுஷன் எழுதியிருந்தார். தெளிவாத்தான் எழுதியிருந்தார். நான் தொங்கவிட்டுப் பார்த்தேன். முப்பது வருஷமா கோழியை அப்படித்தான் தூக்கறேன். வலதுன்னு நினைச்சு எல்லா இடதையும் வச்சுக்கிட்டு, வலதையெல்லாம் அனுப்பிட்டேன். பெட்டைகளைப் பொம்பளைங்க சரியாப் பிரிச்சிருந்தாங்க. அதனால சேவலுக்கு மட்டும் மாத்தி ஒரு பக்கம் டைப் அடிச்சு, பழசை எடுத்துட்டு இதைச் செருகினேன்."

"எலி?"

"நான்தாங்க."

திருட்டு இல்லை, கடத்தல் இல்லை, மச்சான் வீட்டுக் கொல்லை இல்லை. இருபத்திரண்டு சேவல்களும் நிஜமாகவே குழம்பாகிவிட்டன. மருமகள் ஏமாற்றத்தோடு சேவலைக் கீழே விட்டாள். அது இறகை உதறிக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல் போனது.

"அவரைப் பார்த்துப் பழி போட்டது ஏன்?" என்றாள்.

"இடது வலது தடுமாறும்னு அவரே சிரிச்சுக்கிட்டே சொன்னாரும்மா, நோட்டு வாங்க வந்த அன்னிக்கு. அவருக்கு அது ஒரு பெரிய விஷயமா இருக்காதுன்னு நினைச்சேன். எனக்கு அப்படி இல்லையே. முப்பது வருஷம் கோழியோட இருந்தவன் கோழிக்கு எது வலது கால்னு தெரியாதவன்னு ஆயிட்டா, நாளைக்கு இந்தப் பொம்பளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அந்த மனுஷன் அம்பது வருஷமா அதைச் சொல்லிக்கிட்டுத்தான் நடமாடறார்," என்றார் டீச்சர். "அவருக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க அவர் மேல போட்ட அன்னிக்குத்தான் ஆச்சு. நாலு மணிக்கு வந்து வாயால சொல்லணும். எழுதிக் கொடுத்தா நம்ப மாட்டேன். உங்க டைப்பிங் அழகு தெரியும்."

மேனேஜர் எழுந்து, முதலாளிக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று அனுமதி கேட்டார். அந்தப் போனில் அவர் குரல் உயரவே இல்லை.

திரும்பும் வழியில் அக்கா கூப்பிட்டாள். தம்பி கிளம்பிவிட்டாராம். எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுகிற ஆள்.

"தூக்குமேடைக்குக் கூடவா?" என்றபடி மருமகள் வேகத்தைக் கூட்டினாள்.

மேனேஜரோடு சங்க அலுவலகத்தில் நுழைந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. நேரத்துக்கு முன்னால் வந்த மனிதரின் வேலை நேரத்துக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. கடிதம் செயலாளரின் கோப்பில், முத்திரை செயலாளரின் டிராயரில். மொழிபெயர்ப்பாளர் பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார்.

மேனேஜர் நின்றுகொண்டே சொன்னார். எதையும் விடவில்லை. எலியைக்கூட விடவில்லை. சொல்லி முடித்து மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "மன்னிச்சுடுங்க," என்றார்.

மொழிபெயர்ப்பாளருக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தான் முத்திரை வைத்துக் கொடுத்திருந்த அசல் பிரதியை மேனேஜரிடமிருந்து வாங்கி, அதன் நாற்பத்தோராம் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எழுத்தை விரலால் தடவினார். "இது என் காகிதம் இல்லை," என்றார் மெதுவாக. "நான் சரியாத்தான் எழுதியிருந்தேனா?"

"தெளிவாவே எழுதியிருந்தீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கப்படாமல், கைக்குட்டையை நாலாக மடித்து, இரண்டு கண்ணையும் துடைத்தார். பிறகு மேனேஜரிடம் அவர் கேட்டதை அந்த அறையில் யாருமே எதிர்பார்க்கவில்லை.

"கோழியை அப்படிக் காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கறதுக்கு உங்க தொழில்ல ஏதாவது தனி வார்த்தை இருக்கா? சொல்லடைவுல ஒரு குறிப்பு போட்டுடலாம். கிழவர் எப்பவும் அக்குள்ல இடுக்கித்தான் பார்ப்பார். அதை நான் எழுதியிருக்கணும். படிக்கறவங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்தார்.

முத்திரையைத் திருப்பிக் கொடுப்பதில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. சரண் செய்த முத்திரையைத் திரும்பப் பெற விண்ணப்பம் தர வேண்டும் என்றார் செயலாளர். விண்ணப்பத்தின் அடியில் விண்ணப்பதாரரின் முத்திரை இருக்க வேண்டும் என்றும் விதி சொன்னது. செயலாளர் விதியை இரண்டு தடவை படித்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே டிராயரைத் திறந்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனார். மொழிபெயர்ப்பாளர் எடுக்கத் தயங்கினார். அக்கா தயங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"அந்த மூடி."

"மறுபடியுமா அத்தை?"

"போன வியாழக்கிழமை. நீ குளிச்சிட்டிருந்தே. கை நழுவிடுச்சு."

மருமகள் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

"நாலு நாளா ஏன் சொல்லலை?"

"அன்னிக்கே சொல்லலாம்னுதான் வந்தேன். மூடியைப் பார்த்துட்டு, நான்தான் போலன்னு நீ அதுக்குள்ள ஒத்துக்கிட்டே." டீச்சர் கைப்பையின் வாரைத் திருகினார். "முப்பத்து மூணு வருஷம் மத்தவங்க தப்புக்கு வட்டம் போட்டுட்டேன். என் தப்புக்கு எந்தப் பேனாவால போடறதுன்னு தெரியலை."

மருமகளுக்கு முதலில் கோபம்தான் வந்தது, நன்றாகவே வந்தது. அதற்குப் பின்னாலேயே, இரவல் கொடுத்த சாமான் வீடு வந்து சேர்ந்தது போல, தன் இரண்டு கைகளும் தனக்குத் திரும்பக் கிடைத்த ஒரு நிம்மதியும் வந்தது. ஸ்டியரிங்கில் இருந்த கைகளைப் புரட்டிப் பார்த்தாள். நல்ல கைகள்தான்.

"அப்போ மாடிக் குழாய்?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது நீதான்," என்றார்.